"மரியாதைக் குறைவு" என்று எழுதி ஆசிரியர் மாணவரை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினால், இனப்பாகுபாட்டை எப்படிக் காட்டுவது?

வழிப்போக்கன்:
அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2017-18 கணக்குப்படி கறுப்பின மாணவர்கள் சுமார் 15 சதவீதம். சஸ்பெண்ட் ஆனவர்களிலோ அவர்கள் சுமார் 38 சதவீதம். அடிதடி என்றால் சாட்சி இருக்கும். "எதிர்த்துப் பேசினான்" என்று ஆசிரியர் எழுதிவிட்டால் பெற்றோர் எதை வைத்து வாதாடுவது?

நெடுங்கணக்கு:
முதலில் அந்த ரெஃபரல் தாளை (மாணவரை ஏன் அனுப்பினேன் என்று ஆசிரியர் எழுதும் தாள்) கையில் வாங்க வேண்டும். மாணவர் பதிவுகளைப் பெற்றோர் பார்க்க உரிமை தரும் ஃபெர்பா சட்டப்படி (1974) எழுத்தில் கேட்டால் 45 நாளுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். காரணம் எழுதிய இடத்தைப் பாருங்கள். "போனை வை என்று இருமுறை சொன்னேன், வைக்கவில்லை" என்பது நடந்த செயல். "திமிராகப் பார்த்தாள்" என்பது ஆசிரியரின் அபிப்பிராயம். இந்த இரண்டாவது ரகம் எங்கே குவிகிறதோ அங்கேதான் தோண்ட வேண்டும்.

பிள்ளையை அன்றைக்கே எழுத வையுங்கள்: எந்த பீரியட், ஆசிரியர் சொன்ன வார்த்தை அப்படியே, அதையே வேறு யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது. கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. "எப்பவும் என்னைத்தான் திட்டுவார்" எடுபடாது. "ஒரே மேசையில் நாலு பேர் பேசினோம், என்னை மட்டும் அனுப்பினார்" என்பது எடுபடும்.

தராசுமுள்:
பள்ளி மாவட்ட அளவில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பார்க்க விகிதக் கணக்கு போதும். உதாரணத்துக்கு, 200 கறுப்பின மாணவரில் 60 பேர் சஸ்பெண்ட் என்றால் 30 சதவீதம். 800 வெள்ளையரில் 80 பேர் என்றால் 10. மூன்று மடங்கு. ஆனால் ஒரு வகுப்பில் மூன்றே கறுப்பினப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை, மேலே சொன்ன ஒப்பீடுதான் கைகொடுக்கும்.

இன்னொரு ஓட்டை: கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் 12ஆம் வகுப்புவரை "வேண்டுமென்றே கீழ்ப்படியாமை" என்று காரணம் காட்டிப் பள்ளி சஸ்பெண்ட் செய்ய முடியாது. ஆசிரியர் தன் வகுப்பைவிட்டு அனுப்புவதற்குத் தடையில்லை. சஸ்பென்ஷன் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். வகுப்பைவிட்டு அனுப்பிய பதிவுகளையும் கேளுங்கள்.

அகலிகை_க:
தண்டனைத் தாளே இல்லாத விஷயங்களும் உண்டு. அடிமை முறைப் பாடம் வந்ததும் வகுப்பிலுள்ள ஒரே கறுப்பினப் பிள்ளையிடம் "உங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்" என்று கேட்பது, அடிமை ஏலத்தை நடித்துக்காட்டச் சொல்வது, சக மாணவர் இனவசை சொல்லும்போது காதில் விழாததுபோல் இருப்பது. இதையெல்லாம் முதல்வருக்கு மின்னஞ்சலில்தான் சொல்ல வேண்டும். அரசு நிதி பெறும் பள்ளிகளில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் 6ஆம் பிரிவில் (Title VI), பள்ளிக்குத் தெரிந்திருந்ததா என்பது முக்கியமான கேள்வி. வாய்மொழியாகச் சொன்னால் பிறகு "எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள்.

கூட்டாட்சிக் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கு (ஓசிஆர்) புகார் போக 180 நாள் கெடு, கடைசிச் சம்பவத்திலிருந்து. முதல்வரின் பதிலுக்குக் காத்திருந்தே பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பள்ளி மாவட்டத்தின் உள்விசாரணைக்குப் போயிருந்தால், அது முடிந்து 60 நாளுக்குள் ஓசிஆருக்குப் போக வழியுண்டு. ஒன்று: 2025 மார்ச்சில் அதன் 12 மண்டல அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. இழுத்தடிக்கும் என்று வைத்துக்கொண்டு, மாநில அளவிலும் புகார் வழி இருக்கிறதா பாருங்கள்.