புதுப்பிப்பு: அப்பாவின் கண்ணில் இருந்த வெள்ளைத் திட்டு

அப்பாவின் கருவிழி ஓரத்தில் வளரும் திட்டு வெறும் சதை வளர்ச்சியா, கட்டியா என்று முன்பு கேட்டிருந்தேன். கட்டிதான். கண்ணின் மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செதிள் செல்களில் வருவது. சிறு துணுக்கு எடுத்துச் சோதித்ததில், மேலடுக்கைத் தாண்டி இறங்கவில்லை என்று வந்திருக்கிறது. பெரிய நிம்மதி.

எனக்கு வியப்பு, கண்ணைத் தொடாமலே, ஒளியைக் கொண்டு அடுக்கடுக்காகப் படமெடுத்த ஓசிடி ஸ்கேன்தான். மேலடுக்கு தடித்து, பளிச்சென்று வெள்ளையாக, நல்ல பகுதியிலிருந்து சட்டென்று மாறித் தெரிந்தது. சதை வளர்ச்சியாக இருந்தால் மேலடுக்கு மெல்லியதாகவே இருக்கும், தடிப்பு அதற்கு அடியில் இருக்கும்.

அறுவை சிகிச்சை என்றால் கட்டியைக் கருவியால் தொடாமல், சுற்றியுள்ள நல்ல திசுவில் 3, 4 மி.மீ. சேர்த்து எடுத்து, ஓரங்களை உறையவைப்பார்களாம். அப்பாவுக்குச் சொட்டு மருந்தே போதும் என்றார் மருத்துவர்: கட்டியின் செல்கள் பெருகாமல் தடுக்கும் 1 சதவீத ஃப்ளோரோயுராசில், தினம் 4 வேளை ஒரு வாரம், அப்புறம் 3 வாரம் ஓய்வு, பிறகு மறுபடி அதே சுற்று. கண் சிவந்து எரிகிறது, பாவம். ஆனால் திட்டு சுருங்குவது நன்றாகவே தெரிகிறது.

வெறும் கண்ணுக்குத் திட்டு மறைந்தாலும் ஸ்கேனில் மிச்சம் தெரியலாம் என்பதால், அதுவும் சரியாகும்வரை மருந்து தொடரும். திரும்ப வர வாய்ப்பு இருப்பதால் அதன்பிறகும் வருடக்கணக்கில் பரிசோதனை உண்டு.