கலைச்சொல்: 'பிளாட்ஃபார்ம் கேம்' என்பது மேடை விளையாட்டா, தாவாட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலுக்காக, நாயகன் ஓடியும் தாவியும் முன்னேறும் 'பிளாட்ஃபார்ம் கேம்' என்ற வீடியோ கேம் வகைக்கு ஐயா அவர்கள் 'மேடை விளையாட்டு' என்றும், அம்மா அவர்கள் 'தள விளையாட்டு' என்றும் முன்வைத்திருக்கிறீர்கள். இருவரும் உழைத்துத்தான் இச்சொற்களுக்கு வந்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆயினும் இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கான காரணங்களைச் சொல்லி, 'தாவாட்டம்' (தாவு + ஆட்டம்) என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

'தளம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கும் தளம், விமானப் படைக்கும் தளம், இணையத்துக்கும் தளம், இயங்குதளத்திலும் தளம் என்று அச்சொல் ஏற்கெனவே சுமக்க முடியாத சுமையைச் சுமக்கிறது. 'பல தளங்களில் இயங்கும் தள விளையாட்டு' என்று ஒரு வாக்கியம் எழுத நேர்ந்தால், முதல் தளம் கருவியையும் இரண்டாம் தளம் ஆட்ட வகையையும் குறிக்கிறது என்று படிப்பவர் எப்படி அறிவார்?

'மேடை'யின் சிக்கல் வேறு. மணமேடை, பேச்சு மேடை, நாடக மேடை ஆகிய எல்லாவற்றிலும் ஏறியவர் அங்கே நிற்கிறார், மற்றவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். 'மேடை விளையாட்டு' என்று கேட்டவுடன் பள்ளி ஆண்டு விழாதான் என் கண்முன் வந்தது. 1856 முதல் இரயில் பார்த்துவரும் இராயபுரத்துக்காரர்களுக்கு 'நடைமேடை' நன்கு பழகிய சொல்தான். ஆனால் அங்கும் மேடை என்பது வண்டி வரும்வரை காத்து நிற்கும் இடமே. நாம் பெயரிட முனையும் ஆட்டத்திலோ காலூன்றிய இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குப் போவதே வேலை.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. இந்த வகைக்கு உயிர் மேடையில் இல்லை, தாவுவதில்தான் இருக்கிறது. 1981-இல் வந்த டாங்கி காங் ஆட்டத்தில் சரிந்த இரும்பு உத்திரங்களும் ஏணிகளும் திரை முழுவதையும் நிறைத்திருந்தன. அதைப் பார்த்து ஒருவர் மேடை என்று பெயரிட்டால் ஒருவாறு பொருந்தும். ஆனால் அந்த ஆட்டத்தின் நாயகனுக்கு ஆங்கில விளக்கக் குறிப்பில் இட்ட பெயர் 'ஜம்ப்மேன்' என்பதைக் கவனியுங்கள். அவன்தான் பின்னாளில் மரியோ ஆனான். 1985 செப்டம்பரில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டிக்காக ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் வடிவமைத்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வெளிவந்தபோது, ஏணிகளும் உத்திரங்களும் போய், வலப்புறமாக நீண்டுகொண்டே செல்லும் ஒரு நிலம் வந்துவிட்டது. அதன் முதல் கட்டத்தில் (லெவலில்) மரியோ பெரும்பாலும் தரையில்தான் ஓடுகிறான். மேடைகள் அருகிப்போன பின்னும் அதை அதே வகை ஆட்டம் என்று உலகமே ஒத்துக்கொண்டது என்றால், இரண்டுக்கும் பொதுவாக எஞ்சி நிற்பது எது?

அந்த முதல் கட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். திரையின் அகலம் 256 புள்ளிகள் (பிக்சல்). காட்சியை அடுக்கியிருக்கும் சதுரக் கல் ஒன்றின் அகலம் 16 புள்ளி. ஆகவே ஒரு நேரத்தில் 16 கல் அகலமே கண்ணுக்குத் தெரியும். வழியில் முதலில் வரும் குழாய் 2 கல் உயரம், அடுத்தது 3, அதற்கடுத்த இரண்டும் 4. பிறகு 2 கல் அகலப் பள்ளம், சற்றுத் தள்ளி 3 கல் அகலப் பள்ளம். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம் அவன் எழும்புவான் என்பதை ஒரு சொல்கூட எழுதிக் காட்டாமல் இந்தக் குழாய்களே கற்றுக்கொடுத்துவிடுகின்றன. முழுக் கட்டமும் ஒரு வினைச்சொல்லுக்கான பாடம்.

அந்த வினைச்சொல் எது என்பதில்தான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. குதிப்பது பெரும்பாலும் மேலிருந்து கீழே. கிணற்றில் குதிக்கிறோம், சுவரிலிருந்து குதிக்கிறோம். எம்புவது நின்ற இடத்திலேயே மேல்நோக்கி. துள்ளுவது மகிழ்ச்சியின் அசைவு. கன்றும் மீனும் துள்ளும். பாய்வதில் வேகமும் தாக்குதலும் உண்டு. தாண்டுவதில் கவனம் முழுவதும் கடக்கப்படும் பொருளின் மேல் இருக்கிறது. நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், பச்சைக்குதிரை தாண்டுதல் என்று விளையாட்டுத் திடலில் அதற்கு உறுதியான இடமும் உண்டு. தாவுவது ஒன்றுதான் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தைப் பற்றுவது. குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது என்கிறோம். அங்கே அடுத்த கிளை இல்லாமல் தாவல் இல்லை. ஆங்கிலச் சொல் எந்த 'மேடை'யைச் சுட்டுகிறதோ அது தமிழ் வினையின் பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது, அதைத் தனியே பெயர்க்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

இது அகராதியைப் புரட்டி நான் கண்டெடுத்த சொல் அன்று. 1990-களின் நடுவில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில், பர்மா பஜாரில் வாங்கிவந்த டிவி கேம் பெட்டி ஒன்றை வைத்து மணிக்கணக்குக்கு வாடகை வாங்கி ஆடவிட்டார்கள். ஆடுபவன் ஒருவன், சுற்றி நின்று சொல்லிக்கொடுப்பவர்கள் பத்துப் பேர். 'கேசட்', 'ஸ்டேஜ்', 'லைஃப்' ஆகிய மூன்றைத் தவிர அங்கே காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். ஆமை, காளான், காசு, பள்ளம், கொடிக்கம்பம். பள்ளம் நெருங்கும்போது எழும் குரல் இப்போதும் நினைவிருக்கிறது: "தாவு, தாவு! அமுக்கிப் புடிடா, வுட்டா கம்மியா தாவுவான்!" பொத்தானுக்கும் உயரத்துக்கும் உள்ள உறவை யாரும் சொல்லித்தராமலே கண்டறிந்த அந்தப் பிள்ளைகள், அதற்கான வினையையும் அப்போதே தேர்ந்துவிட்டார்கள். பயன்படுத்துவோர் வாயில் ஒரு சொல் இருக்கும்போது அதை விட்டு வேறு ஒன்றை நாம் செய்து கொடுப்பது முறையாகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். 'தாவல்' என்ற வடிவத்தை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். மென்பொருள்களில் அது 'டேப்' (tab) என்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'தாவாட்டம்' என்றால் தொழிற்சங்கத்தார் தொழில் தகராற்றுக்குச் சொல்லும் 'தொழில் தாவா' நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த எங்கள் பகுதியில் 'தாவா' அன்றாடச் சொல் என்பதால் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 'தாவா'வோடு 'ஆட்டம்' சேர்ந்தால் இடையில் உடம்படுமெய் தோன்றித் 'தாவாவாட்டம்' என்றுதான் ஆகும். 'தாவாட்டம்' என்பது தாவு என்பதன் உகரம் கெட்டுப் புணர்ந்தது. முற்றியலுகரமும் சில இடங்களில் இவ்வாறு கெடும் என்பதற்கு நன்னூல் இடம் தருகிறது. மேலும் இச்சொல் அடைகளை எளிதில் ஏற்கிறது: புதிர்த் தாவாட்டம், முப்பரிமாணத் தாவாட்டம், இருபரிமாணத் தாவாட்டம்.

அந்தரத்தில் நிற்கும் பலகைக்கு மட்டும் தனிச்சொல் தேவைப்படுகிறது. 'திட்டு' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். மணல்திட்டு நமக்குப் பழக்கம். 'திட்டுத்திட்டாக' என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக என்று பொருள். திரையில் அவை அப்படித்தான் இருக்கின்றன. வசவு என்ற பொருளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனும் அவன் நண்பர்களும் ஆடியபோது உட்கார்ந்து கேட்டேன். ஒருவரும் திட்டு என்று சொல்லவில்லை, "அந்தக் கல்லு மேல தாவு" என்றே சொன்னார்கள். கல்லா மண்ணா ஆடிய தெருவில் இது இயல்பே. பிடிப்பவருக்கு மண் என்றால் மற்றவர்கள் வாசற்படியிலும் திண்ணையிலும் கல்லுக்குக் கல் தாவித் தப்புவார்கள். மண்ணில் கால் பட்டால் பிடிபடுவார்கள். இருப்பினும் இந்த ஆட்டங்களில் மேகமும் மரக்கிளையும்கூடக் காலூன்றும் இடங்களாக வருவதால், 'கல்' போதாது என்றே கருதுகிறேன். 'திட்டு'வை விடச் சிறந்த சொல் கிடைத்தால் உடனே விட்டுக்கொடுப்பேன். 'தாவாட்ட'த்தை அவ்வாறு விட மனமில்லை.

அடுத்து, 'லெவல்' என்பதற்கு 'நிலை' என்று அம்மா அவர்கள் எழுதியிருந்தீர்கள். மரியோ ஆட்டத்தில் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 லெவல் என மொத்தம் 32 உள்ளன. ஒன்றை முடித்து அடுத்ததற்குள் நுழைவதால், பாண்டியாட்டத்தில் வருவதுபோல் 'கட்டம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'நிலை'யைத் தாங்கள் தேர்ந்த காரணத்தை விரித்து எழுதினால், சொற்பட்டியலில் பதியும் முன் அதையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து