தைலம் காய்ச்சும் அண்டா: சுருள் குழாய் எத்தனை மீட்டர் வேண்டும்?

கேள்வி:
உதகைக்குப் பக்கத்தில் கற்பூரத் தழையில் (யூகலிப்டஸ்) தைலம் காய்ச்சுகிறோம். அண்டாவில் மணிக்கு 20 லிட்டர் தண்ணீர் குறைகிறது. 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் 25 மி.மீ. செம்புக் குழாய் 5 மீட்டர் சுருட்டி வைத்திருக்கிறேன். முதல் கால் மணி நேரம் குளிர்ந்து சொட்டுகிறது. பிறகு குழாய் முனையில் ஆவி சீறுகிறது, கண் எரிகிறது. காற்றில் போவது முழுக்க என் தைலம்!

என் கணக்கு: 20 கிலோ ஆவி × 2,260 கிலோஜூல் = மணிக்கு 45,200 கிலோஜூல், அதாவது 12.6 கிலோவாட். வெப்பப் பரிமாற்றக் கெழு (ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குக் கடக்கும் வாட்) 1,000. ஆவிக்கும் பீப்பாய் நீருக்கும் வேறுபாடு 100 − 18 = 82 டிகிரி. பரப்பு 0.15 சதுர மீட்டர். 2 மீட்டர் குழாயே போதும் என்று வருகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
இன்றைக்கு அடுப்பைத் தணித்து எரியுங்கள். தழை வீணாகாது.

பதில் 2:
தம்பி, பெருக்கல் சரி. எடுத்த எண்கள்தாம் நம் ஊருக்கும் உங்கள் பீப்பாய்க்கும் பொருந்தவில்லை.

1,000 என்பது வேகமாக நீர் ஓடும் குளிர்விப்பானுக்கு உரியது. உங்கள் பீப்பாய்க்கு 300 என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு. குழாய் செம்பா எவர்சில்வரா என்பதால் பெரிய மாற்றமில்லை; வெளியே அசையாமல் ஒட்டி நிற்கும் நீர்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. உதகை உயரத்தில் நீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பீப்பாய் நீரும் 18-இல் நிற்காது. எல்லா ஆவியும் நீரானால் 200 லிட்டரும் அரை மணிக்குள் 45-ஐத் தொட்டுவிடும்.

நீர் 18-இல் நுழைந்து 45-இல் வெளியேறினால் மடக்கைச் சராசரி வேறுபாடு (குழாய் நெடுக மாறும் வெப்பநிலை வேறுபாட்டின் சராசரி) 59. 12,600 ÷ (300 × 59) = 0.71 சதுர மீட்டர். ஆவி நீரான பிறகு அதை 40 டிகிரிக்கு இறக்க இன்னும் 0.18 சேருங்கள். ஒரு மீட்டர் குழாயின் வெளிப்பரப்பு 0.0785, ஆக 11.3 மீட்டர். பாசியும் உப்பும் படியும் என்பதால் 14 மீட்டர் போடுங்கள். இப்போதுள்ள 5 மீட்டர் பாதி ஆவியைத்தான் பிடிக்கும்.

குழாயை மட்டும் நீட்டினால் போதாது. ஓடை நீரைப் பீப்பாயின் அடியில் விட்டு, சூடான நீர் மேலே வழியும்படி செய்யுங்கள். மணிக்கு 440 லிட்டர் தேவை.

கேட்டவர்:
14 மீட்டர் போட்டு, அடியில் ஓடை நீரை விட்டேன் அண்ணா. நான்கு மணி நேரம் எரித்தும் முனையில் ஆவி இல்லை. வரும் நீரைக் கையில் ஏந்த முடிகிறது. ஜாடியில் தைலம் தனியாக மிதக்கிறது.