பட்டர்ஃப்ளை வீட் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

கான்சாஸிலிருந்து:
எங்கள் வீட்டின் தெற்குச் சுவரோரம் புல்லே கருகும் இடம். அங்கே வைத்த பட்டர்ஃப்ளை வீட் செடி ஜூலை அனலிலும் கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கிறது. வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளிதானே அதன் பிறந்த வீடு! முள்ளங்கி போலத் தடித்த ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடுவதால் நான் தண்ணீர் ஊற்றுவதே அபூர்வம். உரமும் கிடையாது. ஆனால், அதே வேரால் வளர்ந்த செடியை இடம் மாற்றுவது கடினம். எருக்கின் குடும்பம்தான், பூவை உற்றுப் பாருங்கள், ஐந்து இதழ்களும் கீழே மடங்கியிருக்க, நடுவில் கிரீடம் நிற்கும். ஆனால் எருக்கைப் போலன்றி, இலையைக் கிள்ளினால் பால் வராது, தெளிந்த நீர்தான்.

இல்லினாயிலிருந்து:
பூவை விடுங்கள், வசந்தத்தில் பொறுமை வேண்டும். மற்றதெல்லாம் தளிர்த்துக் கொழித்தாலும் இது மே மாதம் வரை மண்ணுக்குள்ளேயே உறங்கும். மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார், "இடம் சும்மாதானே கிடக்கிறது, வெண்டை போடலாம்" என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். இப்போது இலையுதிர் காலத்திலேயே பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிடுகிறேன். விதைக்கும் குளிர் வேண்டும். ஈர மணலில் கலந்து ஒரு மாதம் குளிர்பெட்டியில் வைக்கலாம்; நான் நவம்பரில் தூவிவிட்டுப் பனியிடம் ஒப்படைத்துவிடுவேன். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அவசரக்காரர்கள் நாற்றங்காலில் சின்னச் செடியாக வாங்கிக்கொள்வதே நல்லது.

டெக்சாஸிலிருந்து:
வெயிலும் வறட்சியும் இதை அசைக்காது, தேங்கும் தண்ணீர்தான் எமன். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் மேடாகப் பாத்தி கட்டித்தான் வைத்திருக்கிறேன். கோடையில் தண்டு முழுக்க மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பும். ஊரில் எருக்கிலும் அரளியிலும் பார்த்திருப்பீர்களே, கறுப்புக் கால்களோடு, அதேதான்! செடி சாகாது, பார்க்கத்தான் அருவருப்பு. தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டாம், மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு இந்த இலைதான் சாப்பாடு. பீய்ச்சுமுன் இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்; குண்டூசித் தலை அளவில் வெளிறிய முட்டை ஒட்டியிருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.