ஃபிளாஷைத் திருப்பிய பிறகு தெரிந்த முகம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால்தான் முகம் இயல்பாக இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அதற்குக் காரணம், கேமராவின் தலையில் எழும்பி நிற்கும் சிறு ஃபிளாஷை வைத்து ஒரு மாலையில் என் அம்மாவை எடுத்த படம். நெற்றியும் மூக்கும் வெளிறி, கண்களின் பாவை சிவந்து, பின்சுவரில் கரிய நிழல் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் படத்தில், நான் அன்றாடம் காணும் அவருடைய கனிவு இல்லை. மங்கலான அறையில் பாவை விரிந்திருக்கும். லென்ஸை ஒட்டிக் கிளம்பும் ஒளி அதன் வழியே நுழைந்து, கண்ணின் பின்புறக் குருதி நாளங்களில் பட்டு, வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புவதால்தான் அந்தச் சிவப்பு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கேமராவின் மேலுள்ள ஹாட் ஷூ என்னும் இணைப்பிடத்தில் பொருத்தக்கூடிய, தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்று கைக்கு வந்ததும், அம்மாவை அதே நாற்காலியில் அதே சுவரை ஒட்டி அமரவைத்தேன். ஃபிளாஷின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கி நிமிர்த்தியபோது பின்சுவர் நிழல் மறைந்தது. ஆனால் ஒளி நேர் மேலிருந்து இறங்கியதால் கண்குழிகள் இருண்டன. ஆகவே தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கூரையும் இடப்புறச் சுவரும் சேரும் இடத்தில் ஒளியைப் பாய்ச்சினேன். சுவரே ஒரு பெரிய சன்னலாகிவிட்டதுபோல், ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மென்னிழலுமாக, கண்ணில் சிறு ஒளிப்பொட்டோடு அவர் முகம் வந்தது. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழலின் விளிம்பு மென்மையாகும் என்று முன்பே படித்திருந்தாலும், அது எனக்கு விளங்கியது அன்றுதான். உங்களுக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று எழுதுங்கள்.

* * *

நீங்கள் சொன்ன அதே முறையை நான் முதலில் முயன்றது வெளிர்பச்சைச் சுவருள்ள அறையில். என் தங்கையின் கன்னம் நோயுற்றவர் கன்னம்போல் பச்சை படர்ந்து வந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி சுவரின் நிறத்தையும் சுமந்து வரும் என்பதால், வெள்ளைச் சுவர் இல்லாத இடங்களில் ஒரு பெரிய வெள்ளை அட்டையைப் பக்கத்தில் நிறுத்தி அதில் ஒளியைப் பாய்ச்சுகிறேன்.

ஆனால் எனக்கு நெடுநாள் பிடிபடாமலிருந்தது ஷட்டர் வேகம்தான். விளக்குகள் நிறைந்த ஒரு கூடத்தில் ஷட்டர் 1/200 நொடி, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து நண்பரை எடுத்தபோது, முகம் சரியாக வந்தும் பின்னணி முழுவதும் இருண்டுபோயிற்று. ஃபிளாஷ் எரிந்து அணையும் நேரம் மிகக் குறுகியது. ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தாலும் 1/200 நொடி திறந்திருந்தாலும் படத்தில் சேரும் ஃபிளாஷ் ஒளி ஏறத்தாழ ஒரே அளவுதான். கூடத்து விளக்குகளின் ஒளியோ ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டரை 1/30 ஆக்கி, ஐ.எஸ்.ஓ.வை 800 வரை உயர்த்தி, அதற்கேற்ப ஃபிளாஷின் சக்தியைக் குறைத்ததும், நண்பருக்குப் பின்னால் விளக்குகள் உயிர்பெற்றன. அவ்விளக்குகள் மஞ்சளாகவும் ஃபிளாஷ் நீலம் கலந்த வெண்மையாகவும் தெரிந்ததால், ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டி இரண்டையும் இசைவித்தேன்.

* * *

இருட்டைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு ஃபிளாஷ் மிகுதியாக உதவியது உச்சி வெயிலில். வெயிலைப் பார்த்து நின்றால் கண்கள் சுருங்குகின்றன, முதுகைக் காட்டி நின்றால் முகம் இருள்கிறது. பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, அகலமாக்கி, வெயிலின் ஒளி மிகாதிருக்க ஷட்டரை 1/1000 நொடி வைத்து ஃபிளாஷைப் போட்டபோது, படத்தின் ஒரு பகுதியில் ஃபிளாஷ் ஒளியே விழாமல் கரும்பட்டையாக வந்தது. பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டினால் ஷட்டரின் இரு திரைகளும் ஒருசேர முழுமையாக விலகி நிற்பதில்லை, அதுதான் காரணம். 1/200 நொடி, எஃப் 11 என்ற சிறிய அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, ஃபிளாஷ் ஈடுகட்டலை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது கேமரா கணித்த ஃபிளாஷ் ஒளியைப் பாதியாக்கி எடுத்தபோது, ஃபிளாஷ் போட்டதே தெரியாதபடி முகம் தெளிந்தது. எஃப் 11-இல் பின்னணி மங்காது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஷட்டர் அந்த வேகத்தைத் தாண்டினாலும் படம் முழுவதும் ஒளி விழச்செய்யும் அதிவேக ஒத்திசைவு வசதி உள்ள ஃபிளாஷ்களில் அகலமான அப்பர்ச்சர் வைக்க முடியும் என்றாலும், ஃபிளாஷின் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுவதால் ஆளை நெருங்கி நிற்க வேண்டியிருக்கும்.

* * *

என் அப்பாவின் படங்களில் மட்டும் கண்கள் எப்போதும் பாதி மூடியிருந்தன. அவர் அவசரப்படுகிறார் என்று நினைத்துப் பலமுறை கடிந்துகொண்டதற்கு இன்றும் வருந்துகிறேன். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே ஃபிளாஷின் சக்தியை முடிவுசெய்யும் டி.டி.எல். முறையில், அளவறிய முதலில் ஒரு சிறு மின்னல் வெட்டும். சிலருடைய இமைகள் அதற்கே மூடிக்கொள்ளும், சரியாக அந்த நேரத்தில் ஷட்டர் திறந்துவிடும். சக்தியை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறி, அதை முழுச் சக்தியில் 1/8 என்று நிலைநிறுத்தியதும் அந்த முன்மின்னல் நின்றுவிட்டது. ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும்: அதன்பின் ஃபிளாஷ் நேராக முகத்தில் படும்படி வைத்திருந்தால், தொலைவு 1 மீட்டரிலிருந்து 2 மீட்டராகும்போது ஒளி கால்பங்காகிவிடும். அதனால் அப்பாவின் நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறேன்.