ரயில் கேம் ஆடும்போது நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் உங்களுக்கும் இருக்கா?

லூப்லைன்

ரயில் கம்பெனி நடத்துற ஓப்பன்டிடிடி கேமை போன்ல ஆடுறவங்க இங்க நிறைய இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். 1950-ல ஆரம்பிச்ச மேப். ஒத்தைத் தடம், நடுவுல ஒரே ஒரு லூப் (எதிர் வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்கிற கிளைத் தடம்). நிலக்கரி வண்டி ஒண்ணு, பாசஞ்சர் ரெண்டு. ராத்திரி பத்தரை மணி, அப்பா கட்டில்ல சாய்ஞ்சிருந்தார், நான் கீழ உட்கார்ந்து ஆடிட்டிருந்தேன்.

நிலக்கரி வண்டி லூப்ல சிவப்பு பார்த்து நின்னுட்டே இருந்துச்சு. எதிர்ல பாசஞ்சர் வந்துட்டிருக்கு. நான் மேப்பை ரொம்ப ஜூம் பண்ணி வச்சிருந்ததால அது கண்ணுலயே படல. வண்டி மாட்டிக்கிச்சு போல, திருப்பி அனுப்பிடலாம்னு அதோட விண்டோவைத் திறந்தேன். வண்டியைத் திருப்புற பட்டனும், சிக்னலைப் பார்க்காம போன்னு சொல்ற பட்டனும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும்ல? கட்டைவிரல் சிக்னலைப் பார்க்காம போகச் சொல்ற பட்டன்ல பட்டுடுச்சு.

வண்டி கிளம்பிடுச்சு. கீழ இருக்கிற பட்டையைத் தட்டினா நிக்கும்னு தெரியும், ஆனா அந்த நேரத்துக்குக் கை ஓடல. எதிர்ல பாசஞ்சரோட புகை தெரிஞ்சப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் கேம்ல விபத்துன்னா வர்ற அந்தச் செய்தித்தாள் கீழேயிருந்து எழும்பி வந்துச்சு. 62 பேர் பலி.

எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். மெயின் லைன்ல சின்னச் சின்ன ஸ்டேஷன்கள்ல, பால் (ball) டோக்கன் காலத்துல, அதாவது டிரைவர் கையில ஒரு உருண்டையைக் கொடுத்து வண்டி விட்ட காலத்துல வேலை பார்த்தவர். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு போனை வாங்கி, செய்தியை முழுசா வாசிச்சார். அப்புறம் கேட்டார்: "டோக்கன் யார்கிட்ட இருந்துச்சு?"

"கேம்ல டோக்கன் எல்லாம் கிடையாதுப்பா"ன்னேன்.

"டோக்கன் இல்லாம ஒத்தை லைன்ல எப்படிடா எதிரும் புதிருமா வண்டி விடுவ?"

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து படுத்துட்டார். மூணு வாரம் ஆச்சு. சேமிச்சு வச்ச அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திறக்கவே இல்ல.

பாத்சிக்னல்

எனக்கும் இதே மாதிரி ஒரு தடவை ரெண்டு வண்டி முட்டிக்கிச்சு, பயணி யாரும் இல்லை, இரும்புத்தாது வண்டிகள்.

ஆனா நண்பா, பிரச்சனை உங்க கட்டைவிரல் இல்லை, உங்க லூப். நடுவுல ஒரே ஒரு லூப்னு சொல்றீங்க, வண்டி மூணு. எந்த நேரத்துலயும் ஒரு வண்டி ரொம்ப நேரம் காத்திருக்கத்தான் செய்யும். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தானே மாட்டிக்கிச்சுன்னு நினைச்சீங்க. பழைய பிளாக் (block) சிக்னலை, அதாவது ஒரு துண்டுத் தடத்துல ஒரு வண்டியை மட்டும் விடுற சிக்னலை எடுத்துட்டு பாத் சிக்னல் வைங்க. பாத் சிக்னல்ல வண்டி நகர்றதுக்கு முன்னாடியே தான் போகப்போற தடத்தை முன்பதிவு பண்ணிக்கும், பதிவு கிடைக்கலைன்னா நிக்கும். எங்க வைக்கணும்ங்கிறதுக்கு ஒரே விதிதான்: வண்டி நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்துல மட்டும் வைங்க. அதாவது லூப்போட ரெண்டு கிளையிலயும், வெளியேறுற பக்கத்துல ஒவ்வொண்ணு. ஒத்தைத் தடத்தோட நடுவுல சிக்னலே வைக்காதீங்க. பிளாக் சிக்னலை ரெண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி நடுவுல வச்சா ரெண்டு வண்டியும் ஆளுக்கொரு பக்கம் உள்ள நுழைஞ்சு மூக்கோட மூக்கு நிக்கும், புதுசா ஆடுறவங்க முக்கால்வாசிப் பேர் மாட்டுறது அங்கதான். அப்புறம் லூப்போட நீளம். உங்ககிட்ட இருக்கிறதுலயே நீளமான வண்டி முழுசா உள்ள அடங்கணும். ஒரு பெட்டி வால் மாதிரி வெளிய நீட்டிட்டு இருந்தாக்கூட பின்னாடி எல்லாம் நின்னுபோகும். நிலக்கரிச் சுரங்கத்துல முழுசா நிரம்பினாத்தான் கிளம்பணும்னு ஆர்டர் போட்டிருந்தா, அதுக்குத் தனி பிளாட்பாரம் கட்டுங்க, பாசஞ்சரோட சேர்க்காதீங்க. டிப்போவை லூப் பக்கத்துலயே வைங்க, சர்வீஸ் இல்லாத எஞ்சின் வழியில புகை விட்டு நிக்கும், அதுவும் ஒத்தைத் தடத்துல நிக்கும். பணம் சேர்ந்ததும் ரெட்டைத் தடம் போட்டுடுங்க, ஒரு வழி பாத் சிக்னல் வச்சா இந்தக் கதையே வராது.

லோகோ_ரன்னிங்ரூம்

பாத்சிக்னல், நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா அவர் லூப் எப்படிக் கட்டணும்னு கேட்கல. அவங்கப்பா கேட்ட கேள்வியைப் பத்தித்தான் எழுதியிருக்கார். அதைக் கொஞ்சம் கவனிங்க.

நான் சரக்கு வண்டி ஓட்டுறவன். டியூட்டியில போனைத் தொட முடியாது, ரன்னிங் ரூம்ல (டிரைவர்கள் டியூட்டிக்கு நடுவுல தங்குற அறை) படுத்துத் தூக்கம் வராதப்ப ஆடுவேன். பால் டோக்கன் பார்த்தவங்களுக்கு அந்தக் கேள்வியோட கனம் தெரியும். ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு கருவி, ரெண்டும் கம்பியில இணைஞ்சிருக்கும். அடுத்த ஸ்டேஷன்காரர் வண்டி வரலாம்னு லைன் கிளியர் கொடுத்தாத்தான் இந்தக் கருவியில இருந்து உருண்டை வெளிய வரும். ஒண்ணு வெளிய இருந்தா ரெண்டாவது எந்தப் பக்கமும் வராது. அந்த உருண்டை பைக்குள்ள, பை வளையத்துல, வளையம் டிரைவர் கையில. அது கையில இல்லாம ஸ்டேஷனை விட்டு வண்டி நகரக்கூடாது. அவங்கப்பாவுக்கு மோதல்னா முதல்ல தோணுறது, அந்த உருண்டை அப்ப எங்க இருந்துச்சுங்கிறதுதான்.

இன்னொண்ணு. சிவப்பைத் தாண்டவே முடியாதுன்னு பொதுவா நினைச்சுக்கிறாங்க. தானியங்கி சிக்னல் பகுதியில சிவப்பு இருந்தா பகல்ல 1 நிமிஷம், ராத்திரியில 2 நிமிஷம் நின்னு, அப்புறம் முன்னாடி எது இருந்தாலும் நிறுத்துற வேகத்துல மெதுவாப் போகலாம்னு விதியே இருக்கு. அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அங்க உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். கேம்ல அந்த பட்டனுக்குக் காத்திருப்பே இல்லை, தொட்டா வண்டி போயிடுது.

என்னோட சம்பவம் சின்னது. என் மேப்லயும் ஒரு மோதல். 30-க்கு மேல பலின்னு செய்தி வந்துச்சு. நிலக்கரி வண்டி ரெண்டு, பயணியே கிடையாதேன்னு யோசிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, பின்னாலயே ஒரு பாசஞ்சரும் வந்து முட்டியிருக்கு. அந்த எண்ணிக்கையில எஞ்சின்ல இருக்கிறவங்களையும் சேர்த்துத்தான் கேம் எண்ணுது. நிலக்கரி வண்டியிலயும் ஆள் உண்டுன்னு அந்த கேமை எழுதினவங்க நினைச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி ரன்னிங் ரூம்ல அதை நினைச்சுட்டே படுத்திருந்தேன். காலையில நாலு மணிக்கு, டியூட்டிக்குக் கூப்பிடுற கால் பாய் (call boy) வந்து எழுப்பினான்.

போடி_பாசஞ்சர்

எனக்கு மோதல் எதுவும் இல்லை. ரயில் தடத்தை மாத்துற பட்டன்தான் சம்பவம்.

எங்க ஊர் மதுரை–போடி பாதையில. 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ். 2010 கடைசியில அகலப்பாதை ஆக்குறதுக்காக நிறுத்தினாங்க. நான் அப்ப ஆறாம் வகுப்பு. தேனி வரைக்கும் திரும்ப ரயில் வந்தது 2022-ல, போடிக்கு 2023-ல. நடுவுல என் பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை எல்லாமே முடிஞ்சுபோச்சு. ஏலக்காய் மூட்டையோட ரயில்ல போன கதையை எங்க ஆச்சி சொல்லும். அது திரும்ப ரயிலைப் பார்க்கல, 2017-லயே போயிடுச்சு.

போன்ல ஆடும்போது சாதா தடத்தை மோனோரயிலா மாத்தணும்னு வந்துச்சு. எல்லா வண்டியையும் டிப்போவுக்கு அனுப்பி, நிறுத்தி, வித்தேன். அப்புறம் அந்த மாத்துற கருவியை எடுத்து ஒரு முனையில விரலை வச்சு இழுத்தேன். ஒரே இழுப்பு. நிறம் மாறிப்போச்சு. புது வண்டி வாங்கி விட்டப்ப கேம் கணக்குல நாலு மாசம்கூட ஆகல. ஒரு நாள்ங்கிறது ரெண்டு நொடிக்குக் கொஞ்சம் அதிகம்தானே, அப்போ நிஜத்துல அஞ்சு நிமிஷத்துக்கும் குறைச்சல்.

அந்த நாலு மாசத்துல ஸ்டேஷனைத் தட்டிப் பார்த்தேன். காத்திருந்த கூட்டம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, ரேட்டிங் சரிஞ்சுகிட்டே இருந்துச்சு. ஜனங்க வேற வழி பார்த்துக்கிட்டாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான், எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. அந்த ஸ்டேஷனுக்கு ஆச்சி பேரை வச்சேன். போடின்னு வைக்க மனசு வரல.

மாதுங்கா_லோக்கல்

மினி மெட்ரோ, கோடு இழுத்து ஸ்டேஷன்களை இணைக்கிற கேம். ஸ்டேஷனும் பயணியும் வட்டம், சதுரம்னு வடிவமாத்தான் இருக்கும், ஒவ்வொருத்தரும் தன் வடிவ ஸ்டேஷனுக்குப் போகணும். மும்பை மேப். நான் பொறந்து வளர்ந்தது மாதுங்காவுல, தாதர்ல வண்டி மாறித்தான் காலேஜ் போனேன்.

ஞாயித்துக்கிழமை வந்தா ஒரு எஞ்சினும், கூட ஒரு பொருளும் கொடுப்பாங்கல்ல? பெட்டியா சுரங்கமான்னு கேட்டுச்சு. சுரங்கம் எடுத்தேன், ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு சதுரம் முளைச்சிருந்துச்சு. பெட்டி எடுத்திருக்கணும். நடுவுல ஒரு வட்ட ஸ்டேஷன்ல கூட்டம் சேர ஆரம்பிச்சுது. முக்கோணத்துக்குப் போறவங்க ஏழெட்டுப் பேர், சிலுவைக்குப் போறது ஒரே ஒருத்தர். சிலுவை ஸ்டேஷன் மொத்த மேப்லயும் ஒண்ணுதான், இந்தக் கோட்டுல இல்லை. வண்டி வரும், இடம் இருக்கிற அளவுக்கு ஆளை ஏத்தும், அந்தச் சிலுவைக்காரர் மட்டும் பின்னாலயே நிப்பார். ஸ்டேஷனைச் சுத்தி அந்தக் கருப்பு வளையம் நிரம்பிக்கிட்டே வருது. கோட்டை இழுத்து மாத்துறேன், ஓடிட்டிருக்கிற வண்டி பழைய வழியை முடிச்சுட்டுத்தான் புது வழிக்கு வருது. வளையம் மூடிக்கிச்சு. கேம் நின்னு, திரை மெல்ல அந்த ஸ்டேஷன்கிட்டயே நகர்ந்து போச்சு. அந்தச் சின்னச் சிலுவை அப்பவும் அங்கயே நின்னுட்டு இருந்துச்சு.

தாதர் பாலத்துல ஒரு தடவை, கூட்டத்துல அம்மா கை விட்டுப்போச்சு. எனக்கு எட்டு வயசு இருக்கும். அம்மா வந்து சேர்ற வரைக்கும் எல்லா வண்டியும் வந்து வந்து போயிட்டே இருந்துச்சு. நான் ஒரு தூண்கிட்ட நின்னேன்.

கணக்கு_லெட்ஜர்

மினி மெட்ரோ அருமையான கேம், மறுக்கல. ஆனா அதுல பணமே இல்லையே. கடன் இல்லை, வட்டி இல்லை, பழசான எஞ்சினை மாத்துற செலவு இல்லை. நிர்வாகம்னா பணம் இருக்கணும்னு நினைக்கிறேன். 1994-ல டிரான்ஸ்போர்ட் டைகூன் வந்தப்ப இருந்தே இந்த வகையோட உயிர் வரவு செலவுதான். நிலக்கரியை எவ்வளவு தூரம், எத்தனை நாள்ல கொண்டு சேர்த்தீங்கங்கிறதுக்குத்தான் காசு. அதுல தப்புப் பண்ணினா மூழ்கிடுவீங்க. நான் மூழ்கியிருக்கேன். மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு, கடன் உச்ச வரம்பைத் தொட்டு, வண்டி வாங்கக் காசில்லாம தடம் மட்டும் காலியா கிடந்துச்சு.

மாதுங்கா_லோக்கல்

லெட்ஜர் அண்ணே, எனக்குப் பணம் வேண்டாம். நான் சொன்னது ஒரு ஆள் நின்னதைப் பத்தி.

மரம்_நடுபவர்

ஊர் நிர்வாகம் ஸ்டேஷன் கட்ட அனுமதி மறுத்துடுச்சு, நான் அத்தனை மரத்தை வெட்டித் தடம் போட்டிருந்தேன். திரும்ப அனுமதி கிடைக்கிற வரைக்கும் ஊரைச் சுத்தி மரம் நட்டேன், ஒரு மணி நேரம், ஒவ்வொண்ணா விரலால தட்டித் தட்டி. பக்கத்துல என் பொண்ணு உட்கார்ந்து எண்ணினா. 143 வரைக்கும் எண்ணிட்டு அப்படியே தூங்கிட்டா.

தாம்பரம்_அக்கா

வேற ஒரு இலவச ரயில் கேம், பேர் வேண்டாம். வண்டி திரும்பி வர ஆறு மணி நேரம் ஆகும், ரத்தினம் கொடுத்தா உடனே வரும். என் பையன் பத்து வயசு. என் போன்ல மூணு நாள்ல 1,900 ரூபாய் போயிருந்துச்சு. கேட்டப்ப அவன் சொன்னது: "வண்டி ரொம்ப தூரத்துல தனியா இருந்துச்சும்மா, அதான் சீக்கிரம் கூட்டிட்டு வந்தேன்." அடிக்கக் கை ஓங்கினவ அப்படியே நின்னுட்டேன். அந்த கேமை எடுத்துட்டு, காசு கேட்காத ஒண்ணை இப்பப் போட்டுக் கொடுத்திருக்கேன். பிளே ஸ்டோர்ல வாங்குறதுக்குப் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி எல்லாரும் வச்சுக்கோங்க.

பாத்சிக்னல்

ரன்னிங்ரூம் சார் சொன்னதை ரெண்டு தடவை வாசிச்சேன். நான் நேரா லூப் கட்ட இறங்கிட்டேன், மன்னிக்கணும். லூப்லைன், ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், இது உண்மையிலயே விரலுக்கானது. கேம் ஆப்ஷன்ஸ்ல இன்டர்ஃபேஸ் சைஸ்னு ஒரு நகர்த்தி இருக்கும், புது பதிப்புல. அதைப் பெரிசாக்குங்க. பட்டன் எல்லாம் கட்டைவிரல் அளவுக்கு வரும். மொழியையும் அங்கேயே தமிழுக்கு மாத்திக்கலாம், அப்பா வாசிக்கிறதுக்கு வசதியா இருக்கும்.

லூப்லைன்

எல்லாருக்கும் நன்றி. ரன்னிங்ரூம் சார், நீங்க எழுதினதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "ரெண்டு நிமிஷம்" வந்த இடத்துல தலையாட்டினார்.

நேத்து சாயங்காலம் சைஸைப் பெரிசாக்கி, தமிழுக்கு மாத்தி, புது மேப் ஒண்ணு ஆரம்பிச்சேன். அப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ஒரு பழைய டைரியில கோடு போட்டு, எந்த வண்டி எந்த லூப்ல எதுக்காக நிக்கணும்னு எழுதினார். நான் போன்ல வண்டியை விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் "லைன் கிளியர்?"னு கேட்கணுமாம். அவர் டைரியைப் பார்த்து "கிளியர்"னு சொன்னப்புறம்தான் நான் பட்டையைத் தட்டணும். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நாலு வண்டி விட்டோம். அஞ்சாவதுக்குக் கேட்டப்ப "இரு, அங்க இருந்து ஒண்ணு வந்துட்டிருக்கு"ன்னார். போன்ல பார்த்தேன், ஆமா, வந்துட்டிருந்துச்சு.