ஒரே வாட்ச், மூன்று விமர்சனம், மூன்று கணக்கு: எதை நம்பி வாங்குவது?

பெசல்_பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். சைகோ 5 ஸ்போர்ட்ஸ் (4ஆர்36 மெஷின்), டிஸ்ஸோ பி.ஆர்.எக்ஸ் பவர்மேட்டிக் 80 (ஸ்டீல், 40 மி.மீ.) இரண்டில் ஒன்று எடுக்கலாம் என்று பார்க்கிறேன். விமர்சனம் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

சைகோவுக்கு ஒருவர் டைம்கிராஃபரில் (வாட்சின் துடிப்பைக் கேட்டு வேகத்தை அளக்கும் கருவி) வைத்து நாளைக்கு +4 விநாடி, ஆம்ப்ளிட்யூட் (உள்ளே பாலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம்) 285 டிகிரி என்கிறார். இன்னொருவர் −11, 240 என்கிறார். மூன்றாமவர் +85 விநாடி ஓடுது, தரக்கட்டுப்பாடே இல்லை, வாங்காதீங்க என்று முடித்துவிட்டார். பி.ஆர்.எக்ஸ் பற்றி ஒரு தளம் "ஒல்லிக் கைக்கும் பொருந்தும்" என்கிறது. இன்னொன்று கை சிறிதாக இருந்தால் பக்கமே போகாதே என்கிறது. என் மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ.

இந்த எண்களில் எது சரி? காசு வாங்காமல், கையில் வைத்துப் பார்த்து எழுதுகிற இடம் எது? வாட்ச் உலகச் செய்திக்கு எங்கே போவது?

ஹேர்ஸ்பிரிங்:
மூன்றும் சரியாக இருக்கலாம் நண்பரே. 4ஆர்36க்கு சைகோவே கொடுக்கும் வரம்பு நாளைக்கு +45 முதல் −35 விநாடி. கிட்டத்தட்ட அதே மெஷின் என்.எச்.36 என்ற பெயரில் வெளி நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. அதற்கு −20 முதல் +40. ஆக, +4ம் −11ம் வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு விமர்சகரின் எண் அவர் கையில் இருந்த அந்த ஒரு வாட்சைப் பற்றித்தான் பேசும். நீங்கள் வாங்கப்போகும் வாட்ச் −20லும் வரலாம், +15லும் வரலாம்.

விமர்சகர் நம்பத்தக்கவரா என்று கண்டுபிடிக்க அந்த எண்ணை எப்படி எடுத்தார் என்று பாருங்கள். அவர் சொல்லியாக வேண்டியவை:

லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு துடிப்பிலும் பாலன்ஸ் சக்கரம் தள்ளப்படும்போது திரும்பும் கோணம், மெஷினுக்கு மெஷின் வேறு). கடைகளில் கிடைக்கும் வெய்ஷி 1000 என்ற டைம்கிராஃபரைப் போட்டதும் 52 டிகிரி என்று காட்டும். பலர் அதை மாற்றுவதே இல்லை. 4ஆர்36, அதே குடும்பத்து என்.எச்.35 மெஷின்களுக்கு 53. மற்ற நிறுவன மெஷின்களில் மியோட்டா 9015க்கு 51. ஈ.டி.ஏ 2824-2, செலிட்டா எஸ்.டபிள்யூ.200க்கு 50. மியோட்டா 8215க்கு 49. ஒமேகா கோ-ஆக்ஸியலுக்கு 38. விகிதக் கணக்குதான் இது: 8215ன் உண்மையான ஆம்ப்ளிட்யூட் 250 என்றால், 52ல் வைத்தால் 265 காட்டும். சோர்ந்த மெஷின் ஆரோக்கியமாகத் தெரிந்துவிடும். கோ-ஆக்ஸியலை 52ல் அளந்து "அபார ஆம்ப்ளிட்யூட்" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். லிஃப்ட் ஆங்கிள் தப்பினால் கெடுவது ஆம்ப்ளிட்யூட் மட்டும். விநாடிக் கணக்கு மாறாது.

சாவி. 4ஆர்36ஐ முழுதாக ஏற்ற கிரவுனை (பக்கத்தில் இருக்கும் திருகு) 55 சுற்றாவது சுற்ற வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து நாலு ஆட்டு ஆட்டிக் கருவியின் மைக்கில் வைத்தால் 220, 230தான் வரும். உங்கள் இரண்டாமவரின் 240க்கு இதுவே காரணமாக இருக்கலாம். முழுச் சாவி, பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒரு அளவு, 24 மணி நேரம் கழித்து இன்னொரு அளவு. இரண்டையும் கொடுப்பவர் வேலை தெரிந்தவர்.

கிடை, அதாவது அளக்கும்போது வாட்ச் இருக்கும் நிலை. டயல் மேல்நோக்கி இருக்கும்போது ஆம்ப்ளிட்யூட் அதிகம். கிரவுன் கீழே, 12 மேலே என்று செங்குத்தாக நிறுத்தினால் 30, 40 டிகிரி இறங்குவது சகஜம். ஒரே கிடையில் எடுத்த படம் விளம்பரத்துக்குத்தான் ஆகும். குறைந்தது மூன்று கிடை, முடிந்தால் ஆறு.

டைம்கிராஃபர் கேட்பது அரை நிமிடத் துடிப்பு. அதிலிருந்து ஒரு நாள் கணக்கை ஊகிக்கிறது. கையில் கட்டி ஒரு வாரம் போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சராசரி சொல்பவர் கிடைத்தால் அதற்கே முதல் மதிப்பு.

முள்ளும்_முடியும்:
மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் 30 ஆயிரம் ரூபாய் வாட்சுக்கு ஆறு கிடை பார்ப்பது கொஞ்சம் ஓவர் ஹேர்ஸ்பிரிங் சார். வாங்குபவருக்கு வேண்டியது கிளாஸ்ப் (செயின் பூட்டு) தடதடக்கிறதா, பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) நேராக உட்கார்ந்திருக்கிறதா, லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு) எத்தனை மணி நேரம் தெரிகிறது என்பது. சைகோவில் சாப்டர் ரிங் (டயலைச் சுற்றிய நிமிடக் கோட்டு வளையம்) கோணலாக வருவது பழைய புகார். அதை விமர்சனத்தில் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாமல் "டயல் அருமை" என்று மட்டும் எழுதினால், நேராக வந்த ஒன்றைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றோ, அவர் உற்றுப் பார்க்கவே இல்லை என்றோ அர்த்தம்.

ஹேர்ஸ்பிரிங்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் போடுவதென்றால் முறையோடு போடட்டும். இல்லையென்றால் போடாமல் இருக்கட்டும்.

விலைச்சீட்டு:
பாண்டி, "காசு வாங்காமல் எழுதுகிறவர் யார்" என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: பெரிய தளங்களில் அநேகமாக யாரும் இல்லை. யாருக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று தெரிந்துகொண்டு படித்தால் போதும்.

ஹோடிங்கி என்ற வாட்ச் தளம் 2008ல் பெஞ்சமின் கிளைமர் ஆரம்பித்தது. பிறகு தானே வாட்ச் விற்றது, பிராண்டுகளோடு சேர்ந்து லிமிடெட் எடிஷன் போட்டது. 2024 அக்டோபரில் வாட்சஸ் ஆஃப் சுவிட்சர்லாந்து குழுமம் அதை வாங்கிவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரோலக்ஸ் விற்கும் கடைக்காரர்கள் அவர்கள். யூடியூபில் கண்ணைப் பறிக்கும் க்ளோசப் எடுக்கும் வாட்ச்ஃபைண்டர், பழைய வாட்ச் விற்கும் நிறுவனம். 2018 முதல் அது ரிஷ்மோன் கையில், அதாவது கார்ட்டியே, ஐ.டபிள்யூ.சி, பனெராய் வீட்டில். யூடியூபர் டெடி பால்டசாரே அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரும்கூட. வோர்ன் அண்ட் வவுண்ட் தளத்துக்கு விண்ட்அப் என்ற சொந்தக் கடை உண்டு. நம் ஊரில் தி வாட்ச் கைடு, எதோஸ் வாட்ச் கடைகளின் பத்திரிகை. ஃப்ரட்டெல்லோ தளம் ஸ்பீட்மாஸ்டர் பற்றி எழுதும் ஸ்பீடி டியூஸ்டே தொடரின் பெயரில் ஒமேகாவே 2017ல் 2,012 ஸ்பீட்மாஸ்டர் செய்து விற்றது.

இதெல்லாம் இருப்பதால் இவர்கள் எழுதுவது பொய் என்றாகிவிடாது. அளவு, மெஷின் எண், வரலாறு, படம் எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஸ்பீட்மாஸ்டர் பற்றி ஃப்ரட்டெல்லோ அளவுக்குத் தோண்டியவர்கள் குறைவு. குறையைத்தான் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். "இந்த விலைக்கு இது தேவையா" என்ற கேள்வியை மட்டும் இவர்களிடம் கேட்காதீர்கள்.

பெசல்_பாண்டி:
அண்ணா, பெரிய பத்திரிகை என்றால் தேடிக் கண்டுபிடிக்கலாம். சின்ன யூடியூப் சேனல் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

விலைச்சீட்டு:
முதல் சில விநாடியில் மூலையில் கட்டண விளம்பரம் என்ற குறிப்பு வருகிறதா பாருங்கள். இந்தியாவில் விளம்பரத் தர கவுன்சிலின் விதி 2021 ஜூன் முதல் இருக்கிறது. இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். பலர் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம். விவரப் பகுதியில் உள்ள கடை இணைப்பை அழுத்தினால் முகவரியின் வாலில் "டேக்" என்று ஒரு ஒட்டு வருகிறதா? வந்தால் நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். அதில் தப்பில்லை, அவர் அதைச் சொல்லியிருந்தால்.

அடுத்து, வாட்ச் எப்படி வந்தது: சொந்தக் காசா, திருப்பிக் கொடுக்கும் கடனா, அன்பளிப்பா? இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாத விமர்சனத்தை விளம்பரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேனலின் கடைசி இருபது வீடியோத் தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில்கூட "வேண்டாம்" என்று முடிக்கவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம்.

ஏப்ரலில் ஜெனீவாவில் வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ் என்ற வாட்ச் கண்காட்சி நடக்கும்போது வருகிற கட்டுரைகளை எச்சரிக்கையோடு படியுங்கள். முன்கூட்டியே தகவலைக் கொடுத்து, இந்த மணிக்குத்தான் வெளியிடலாம் என்று கட்டுப்பாடு போட்டிருப்பார்கள். அதனால் எல்லாத் தளத்திலும் ஒரே நிமிடத்தில் ஒரே மாதிரிக் கட்டுரை. படத்தில் கண்ணாடியில் எந்தப் பிரதிபலிப்பும் இல்லை, தூசி இல்லை, யார் கையும் இல்லை என்றால் அது கணினியில் வரைந்த படம். கட்டுரையாளர் வாட்சைத் தொட்டிருக்கவே மாட்டார். சந்தேகமாக இருந்தால் கட்டுரையில் ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். நாலு தளத்தில் அதே வாக்கியம் வந்தால் அது பிராண்ட் அனுப்பிய குறிப்பு.

தோலா_ஸ்டீலா:
பி.ஆர்.எக்ஸ் கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். அங்கே இரண்டு தளமும் முரண்படக் காரணம் ஒரே விஷயம்தான். கேஸ் நீளத்தை மட்டும் பார்த்தால் 44 மி.மீ. சொச்சம், காகிதத்தில் சின்ன வாட்ச். ஆனால் செயின் கேஸோடு ஒட்டிப் பிறந்த வடிவம். முதல் கண்ணி கீழே மடங்காமல் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். கையில் கட்டினால் 50 மி.மீ. வாட்ச் மாதிரி நடந்துகொள்ளும். கேட்டலாக் பார்த்து எழுதியவர் "பொருந்தும்" என்பார், கட்டிப் பார்த்தவர் முதல் கண்ணியைப் பற்றி எழுதுவார். இந்த மாடலுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

16 செ.மீ. சுற்றளவை வைத்து முடிவு செய்யாதீர்கள் பாண்டி. கையை மேசையில் வைத்து, வாட்ச் உட்காரும் மேல்தளத்தின் தட்டையான அகலத்தை ஸ்கேலால் அளங்கள். ஒரே சுற்றளவில் உருண்டைக் கைக்கும் தட்டைக் கைக்கும் நிறைய வித்தியாசம். அந்த அகலம் 50க்குக் கீழே என்றால் 35 மி.மீ. பி.ஆர்.எக்ஸைப் பாருங்கள். கையில் கட்டிய படத்தைப் பார்க்கும்போது, கேமராவைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் வாட்ச் பெரிதாகத் தெரியும் என்பதை மனதில் வையுங்கள். ஒரு கை தூரத்திலிருந்து, கண்ணாடி முன் நின்று எடுத்த படம்தான் உண்மைக்குக் கிட்டே வரும்.

இன்னொன்று. 40 மி.மீ. பி.ஆர்.எக்ஸில் செயின் மாட்டும் பள்ளம் 12 மி.மீ.தான். கடையில் கிடைக்கும் 20 மி.மீ. ஸ்ட்ராப் ஏறாது. இதைச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்.

ஹேர்ஸ்பிரிங்:
மெஷின் பக்கமும் ஒன்று சேர்க்கிறேன். பவர்மேட்டிக் 80, ஈ.டி.ஏ 2824-2ஐ அடிப்படையாகக் கொண்டது. 80 மணி நேர இருப்பை எட்ட, மணிக்கு 28,800 அதிர்வை 21,600 ஆகக் குறைத்ததும் ஒரு காரணம். பழைய 2824ல் இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் நெம்புகோல் இதில் கிடையாது. "ஊர் வாட்ச் கடையில் கொடுத்து விநாடியைச் சரிசெய்துகொள்ளலாம்" என்று யாராவது எழுதியிருந்தால் பின்மூடியைத் திறந்தே பார்க்காதவர். 4ஆர்36ல் நெம்புகோல் உண்டு, சரிசெய்யலாம்.

மெஷின் விவரத்துக்கு விமர்சகர் யாரும் தேவையில்லை. மியோட்டா தன் தளத்திலேயே அளவு, வரம்பு, வரைபடம் போடுகிறது. என்.எச்.35க்கு, சைகோ மெஷின்களை வெளியே விற்கும் டைம் மாட்யூல் நிறுவனத்தின் டெக்னிக்கல் கைடும் உதிரிபாகப் பட்டியலும் பி.டி.எஃப் ஆகக் கிடைக்கும். விமர்சனத்தில் உள்ள எண்ணை அதோடு ஒத்துப் பாருங்கள்; ஜூவல் (உராய்வைக் குறைக்கும் கல்) எண்ணிக்கையிலேயே தப்பு செய்பவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த வாட்சுகளின் உள்வேலையைப் படிக்க சிங்கப்பூரின் எஸ்.ஜே.எக்ஸ் தளம், சுயாதீனத் தயாரிப்பாளர்களுக்கு நெதர்லாந்தின் மோனோக்ரோம் தளம்.

முள்ளும்_முடியும்:
செய்தி பற்றி யாரும் சொல்லவில்லையே. சுவிஸ் ஏற்றுமதி எண்ணுக்கு அவர்களின் தொழில் கூட்டமைப்பு மாதாமாதம் வெளியிடும் அட்டவணைதான் மூலம். எல்லாத் தளமும் அதிலிருந்துதான் எடுக்கும், நேராக அங்கேயே படியுங்கள். ரோலக்ஸ் இத்தனை லட்சம் வாட்ச் செய்தது என்ற செய்தியெல்லாம் மார்கன் ஸ்டான்லி வங்கியும் லக்ஸ்கன்சல்ட் ஆலோசனை நிறுவனமும் போடும் அறிக்கையின் மதிப்பீடு. ரோலக்ஸ் கணக்கு வெளியிடுவதில்லை. "மதிப்பீடு" என்ற சொல்லை விழுங்கிவிட்டு எழுதும் தளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாட்ச் விலைக்கு குரோனோ24 விற்பனைத் தளத்தில் பார்ப்பது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை அன்று.

சாவிகொடு:
பழைய வாட்ச் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெரிய பெயர் சொல்லிவிட்டால் அது உண்மை என்று எடுக்க முடியாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் சி.கே. 2915-1, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. மதிப்பீடு வெறும் 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் பிராங்க். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023ல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று வெளியே வந்தது. முன்னாள் ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்ததாக ஒமேகாவே சொன்னது. அதைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டியதில் பெரெஸ்கோப் என்ற தனிமனிதத் தளத்துக்குப் பங்கு உண்டு. விண்டேஜ் விஷயத்தில் இப்படிப் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்து, சீரியல் எண்ணோடு வாதாடுகிறவர்களைத்தான் படிக்க வேண்டும்.

நம் ஊர் எச்.எம்.டி, பழைய சைகோ 5 வாங்க நினைப்பவர்களுக்கும் இதே விதிதான். பளபள நிற டயலோடு இணையத்தில் வருவதில் பெரும்பகுதி மும்பை ஸ்பெஷல், மறுபடி வண்ணம் அடித்தவை. முள் நிமிடக் கோட்டை எட்டாமல் குட்டையாக நிற்கும், எழுத்து தடித்திருக்கும், கேஸ் முனைகள் பாலிஷில் மழுங்கியிருக்கும். உள்ளே மெஷினின் படத்தை விற்பவர் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பெசல்_பாண்டி:
எல்லாருக்கும் நன்றி. அகலம் அளந்தேன், 48 மி.மீ.தான் வருகிறது. 40 பி.ஆர்.எக்ஸ் வேண்டாம். சைகோ பக்கம் சாய்கிறேன். அந்த +85 விநாடிக் கதை மட்டும் பாக்கி. அது வரம்புக்கு வெளியே தானே?

ஹேர்ஸ்பிரிங்:
வெளியேதான். ஆனால் புது வாட்ச் திடீரென்று ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக ஓடினால் முதல் சந்தேகம் காந்தம். பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் செயல்நீளம் குறையும், மெஷின் வேகமெடுக்கும். ஸ்பீக்கர், டேப்லெட் உறைக் காந்தம், பையின் காந்தப் பூட்டு, எதுவும் செய்யலாம். அந்த விமர்சகர் காந்தம் எடுத்துவிட்டு மறுபடி அளந்தாரா என்று பாருங்கள். அளக்கவில்லை என்றால் அவர் தீர்ப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உங்களுக்கே வந்தால்: நீல நிறக் குட்டி டீமேக்னடைசர் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாட்சை அதன்மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக அரை மீட்டர் உயரம் தூக்குங்கள். அங்கே போன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பெட்டிமேல் இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறிவிடும். சுருள் சூடாகும், சில விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். செய்து முடித்து, முழுச் சாவி கொடுத்து, ஒரு நாள் கட்டிப் பார்த்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள். அப்போதும் +45க்கு மேல் என்றால் கடைக்காரரிடம் வாரண்டியில் மாற்றச் சொல்லலாம்.